ஐந்து நிமிடம்

பிரேக்கரை இறக்கிவிட்டு
ஐந்து நிமிடம் சும்மா இருப்பேன்.
கிளின்ரனுக்குப் பொறுமையில்லை,
ஸ்குரூட்றைவரை விரலிடுக்கில் சுழற்றுவான்.
"கரண்ட் நிண்டிட்டுதுதானே அக்கா?"
நின்றுவிட்டது.
கப்பாசிற்றருக்குள் மட்டும்
போகாத கொஞ்சம் குந்தியிருக்கும்.

மல்லாவி. பங்குனி. பகல் பதினொரு மணி.
பரஞ்சோதி அண்ணை
மார்கழி மழைக்கு நனையுமென்று
வெளிப் பெட்டியை யூரியாப் பையால் போர்த்தி
அதன் மேலே புடலங்கொடியும் படரவிட்டிருந்தார்.
நுனியில் கல்லுக் கட்டிய ஒரு பிஞ்சு
காற்றாடிக்கு நேரெதிரே தொங்கியது.
"பதினாறில விட்டும் குளிரேல்லைத் தங்கச்சி,
காஸ் அடிச்சு விடு."

காஸ் என்ன பெற்றோலே அண்ணை, ஓட ஓடத் தீருறதுக்கு?
குறைஞ்சால் எங்கேயோ ஓட்டை.
ஓட்டையைத் தேடாமல் அடிக்கிறவன்
உங்கட காசை ஆகாயத்துக்கு அனுப்புறான்.
அந்தப் பீடியையும் படலையடியில போய்ப் பிடியுங்கோ,
இது பத்தக்கூடிய காஸ்.

முழங்காலை ஊன்றிக் குனிகிறேன்.
இந்தக் குனிவு எனக்குப் பழக்கம்.
முகமாலையில் ஆறு வருசம்
சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் நடுவில்
கத்தரிக்கோலால் புல் வெட்டி,
மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
மேலேயிருந்து குத்தக்கூடாது என்பது அங்கே முதற்பாடம்.
திட்டத்தின் காசு முடிய
கிளிநொச்சியில் ஆறுமாதக் கோர்ஸ்,
பதினேழு பெடியளும் நானும்.
"பயமில்லையோ?" என்று கேட்டார் மாஸ்டர்.
எதற்கு என்று உண்மையாகவே விளங்காமல்
திருப்பிக் கேட்டேன்.

மீற்றரை வைக்கிறேன்.
நாற்பத்தொன்று.
முப்பத்தாறு.
இருபத்தொன்பது.
யாரும் தொடாமல் தானாக இறங்குகிறது.
கிளின்ரன் ஸ்குரூட்றைவரைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டான்.

பிறகு வேலை.
அலுமினியத் தகடுகளுக்குள் தூரிகை
தகட்டின் போக்கில்தான் போகவேண்டும்.
கார் கழுவுகிற பம்பால் அடித்து
ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்து வைத்திருக்கிறார்;
சீப்பால் ஒவ்வொன்றாய் நிமிர்த்த முக்கால் மணித்தியாலம்.
உள்ளே பில்டரில் செம்புழுதி
கம்பளிபோல் படிந்திருந்தது.
கழுவி நிழலில் காயவிட்டேன்.
தண்ணீர் போகும் குழாய்க்குள் ஒரு தேரை,
எங்களைப் பார்த்து முழித்தது,
வெளியே வர மனமில்லை அதற்கு.
அந்த வீட்டில் நன்றாகக் குளிர்ந்த இடம்
அது ஒன்றுதான்.

எர்த் கம்பியடியில் மண் வெடித்துக் கிடந்தது.
ஆவணியில் இன்னும் காயும்.
அதற்குள் கம்பியை ஆழமாக இறக்கவேணும்,
இடி முழங்கினால் பிரேக்கரை விழுத்தவேணும்,
கரண்ட் வந்த உடனே போடக்கூடாது,
யன்னலைத் திறந்துவிட்டு வன்னி முழுவதையும்
குளிராக்கப் பார்க்கக் கூடாது.
சிவகௌரி அக்கா எல்லாவற்றையும்
கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் எழுதினா.
புடலங்காயைப் பற்றி நான் சொன்னதை எழுதவில்லை.

அப்போது வட நோர்வேயிலிருந்து வீடியோவில் தங்கை.
அங்கே விடியவில்லை.
ரோச் லைற்றைச் சுவரில் அடித்துக் காட்டினா:
இதே பெட்டி, இதே காற்றாடி,
தகடு முழுக்க வெள்ளையாய் உறைபனி.
"இவர் அலவாங்கால கொத்தப்போறார்,
கொத்தலாமோ?"

கொத்தாதேங்கோ அக்கா.
கொஞ்ச நேரத்தில அதுவே திசையை மாத்தி
தன்னைத்தானே சூடாக்கும். ஆவி வரும்,
நெருப்பெண்டு பயப்பிடாதேங்கோ.
சுத்திவரப் பனியை மட்டும் அள்ளி விடுங்கோ.

பரஞ்சோதி அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை.
"அவளுக்குச் சூடு குடுக்கிறதும்
எனக்குக் குளிர் தாறதும் ஒரே மிசினோ?"
ஒரே மிசின்தான் அண்ணை.
அது சூட்டை ஆக்கிறேல்லை,
ஒரு பக்கத்தால தூக்கி மற்றப் பக்கத்தில போடும்.
"பனி நாட்டில எங்கால சூட்டைத் தூக்கிறது?"
இருக்கு. கொஞ்சம் எப்பவும் இருக்கு.

பிரேக்கரை ஏற்றினேன்.
மூன்று நிமிடம் அது யோசித்தது.
பிறகு கொம்பிரசர் அடித்தொண்டையில் முனக,
கொடியின் இலைகள் எல்லாம்
ஒரே பக்கம் திரும்பின.

அதைத்தான் அண்ணை இடம் மாத்தவேணும் என்றேன்.
"காய் முத்தட்டும்."

ரசீதில் தொகை எழுதும்போது
பெருவிரலைப் பார்த்தேன், பழக்கதோசம்.
பத்தும் இருந்தன.
மூன்று மணிக்கு மாங்குளத்தில் ஒரு பிறிட்ஜ்.