ஒரு நூல் மேலே

முதலில் காட்டிக்கொடுத்தது தோசை.
கல்லின் மேற்கு ஓரத்தில் மாவு கூடி
அடைபோலத் தடித்தது,
கிழக்கே பொத்தல் விழுந்து காய்ந்தது.
அடுப்பைத் திட்டினேன். கல்லை மாற்றினேன்.
வள்ளியூரில் வாங்கிய புதுக்கல்லும்
அதே பக்கம் பேசியது.

எங்கள் வீடு ஒரு ஈச்சர் லாரியின் முதுகில் இருக்கிறது.
ராதாபுரம், பழவூர், லெவிஞ்சிபுரம்,
எந்தக் காற்றாடி நின்றதோ அதன் காலடியில் போய் நிற்கும்.
நின்றதும் பக்கச் சுவரை இழுத்தால்
ஓர் அறையே வெளியே வரும்:
கட்டில், அடுப்பு, ஒரு சன்னல்.
இழுப்பறை என்போம்.
மேசைக்கு இருக்கலாம், லாரிக்கு இருக்கக்கூடாதா?

அது தொங்கிவிட்டது.
எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால்
கேட்காமலே மேற்கு மூலைக்குப் போனது.
உள்ளே தள்ளும்போது நறநறவென்றது.
தோள்கொடுத்துத் தள்ளிவிட்டு மந்திரம் சொன்னான்:
"காத்துல வளைஞ்சிருக்கும்."
எங்கள் பக்கம் எதற்கும் காற்றைத்தான் சொல்வது,
அது மறுத்துப் பேசாது.

பணகுடி பைபாஸ், சூசைமரியான் பட்டறை.
பங்குனி. காற்றுக்காலத்துக்கு நாள் இருந்தது.
வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து
திருப்புளியால் பலகையைக் குத்திக்கொண்டே போனார்.
டொக்.
டொக்.
அடுத்த குத்துக்குச் சத்தமே இல்லை.
கைப்பிடிவரை உள்ளே போயிருந்தது.

"பீடிங் கிழிஞ்சி ரெண்டு ஐப்பசி ஆயிருக்கும்மா.
பலகை ஊறுன அப்பளமாட்டு கெடக்கு.
ஆனா சானல் வளையதுக்கு மழை மட்டும் காணாது.
கட்டில் பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்கிய?"

"பழைய துணிதான்" என்றான் மந்திரம்,
எதிரே டீக்கடையைப் பார்த்தபடி.

நான் திறந்தேன்.
போர்வைக்குக் கீழே மூன்று அரிசிச் சாக்கு.
சாக்குக்குள் போல்ட்.
முழங்கை நீளம், கழுத்தில் முறிந்தவை, மரை தேய்ந்தவை.
ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்டில்
எந்தக் கோபுரம், எந்தத் தேதி.
பக்கத்துப் பழைய இரும்புக்கடைத் தராசு
எண்பத்து மூன்று கிலோ காட்டியது.

இந்த ஒரு வருசமாக
நான் பூசிக்கொண்டே போகிறேன் என்று
ராத்திரிச் சோற்றைக் குறைத்திருந்தேன்.

"எதுக்குடா இது?"

ரொம்ப நேரம் பேசவில்லை.
அப்புறம், "மேல நிக்கும்போது
எதை நம்பி நின்னேன்னு தெரியணும்லா."

சூசைமரியான் இருமினார்,
பனங்கட்டை எடுக்கப் போய்விட்டார்.

வேலை மூன்று நாள்.
ஓரத்தில் பனங்கட்டை கொடுத்து இரண்டு ஜாக்கி.
மணிக்கு ஒருதரம் கால் சுற்று, அதற்குமேல் இல்லை.
"ஒரேயடியா தூக்கினா சன்னல் தெறிக்கும்.
வளைஞ்ச வேகத்துலயா நிமிரும்?"
நான் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.
குமிழி கோட்டை நோக்கி
கோவில் தேர் மாதிரி நகர்ந்தது.
மக்கின பலகையை வெட்டி வழித்தார்,
கையில் அள்ள வந்தது, காளான் மணத்தது.
புது மரைன் பிளை. பழைய சானலுக்கு முதுகில்
ஒரு ஆங்கிள். வெல்டிங். ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு.
கடைசியில் குமிழி நடுவில் நின்றது.
கைதட்டப் போனேன்.
அவர் ஜாக்கியை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"சரியா இருந்துச்சே அண்ணாச்சி?"

"காலி வீட்டுக்குச் சரி. நீங்க ரெண்டு பேரும் ஏறணும்லா.
ஒரு நூல் மேல வச்சாத்தான்
பாரம் வந்ததும் மட்டத்துக்கு வரும்."

சாக்குகளை எடைக்குப் போடச் சொல்லவில்லை நான்.
பின் அச்சுக்கு நேர் மேலே,
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் காட்டினேன்.
மந்திரம் ஒவ்வொன்றாகச் சுமந்தான்.
ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட முயன்று
பை கிழிந்தது.

மறுநாள் காலை பழவூர். இழுப்பறையைத் தள்ளினோம்,
வெண்ணெயாகப் போய் நின்றது.
கல்லைக் காயவைத்து மாவை ஊற்றினேன்.

கிழக்குப் பக்கம்
ஒரு நூல் தடித்திருந்தது.
அந்த ஓரத்தைப் பிய்த்து
அவன் தட்டில் வைத்தேன்.