பதினோரு கிலோ நானூறு

முதலில் கண்ணாடிகள்.
பிறகு ஹாரன், இண்டிகேட்டர் நான்கு,
ஹெட்லைட், நம்பர் பிளேட்.
ஆயுள் வரி கட்டிய வண்டி,
இனி சாலையில் ஓரடி ஓடாது.
ஃபைனான்ஸுக்கு இன்னும் ஏழு தவணை.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு.
ஷெட்டுக்கு எதிரே மாம்பழக்கூழ் கம்பெனி.
ஆனி மாதம்.
கிளிமூக்கு ஏற்றிய லாரிகள் மேம்பாலம் வரை நிற்கின்றன.
ஸ்பேனரைக் கீழே வைத்து எடுப்பதற்குள்
பிடியில் ஈ.

சாரி கார்டைக் கழற்றும்போது
முனிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நாலு வருஷமாகக் காத்திருந்த கம்பி,
ஒரு புடவையைக்கூடப் பார்க்கவில்லை.
ஓட்டியவள் அவள், ஜீன்ஸில்.
பின்னால் உட்கார்ந்தவன் நான்.
அந்தப் பக்கம் பறந்தது என் லுங்கி மட்டும்தான்,
அதுவும் ஒருமுறை, காவேரிப்பட்டணத்தில்,
மாமியார் வீட்டு வாசலில்.

பின்சீட்டை நானே கழற்றுகிறேன் என்றேன்.
சாவியைத் திருப்பினால் போதும், கையோடு வந்துவிட்டது.
இவ்வளவு லேசாகவா மாட்டியிருந்தார்கள்?
ஓசூர் கம்பெனியில் நான் இருந்த காலத்தில்
நைட் ஷிஃப்ட் முடிகிற நேரம் கேட்டில் வந்து நிற்பாள்.
சூளகிரி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன்,
என் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில்
முட்டி முட்டி.

கழற்றுவது சுலபம்.
கழலாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.
ஆயில் போல்ட், ஃபில்டர், காலிப்பர்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்றரை எம்எம் துளை போட்டு
எவர்சில்வர் கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும்.
பதினொரு போல்ட்டுக்கு
ஐந்து டிரில் பிட் உடைந்தது.
ஆறாவதை வாங்கப் போகும்போது கேட்டேன்,
இவ்வளவு எதுக்கு?
"நம்ம வண்டி ஆயில் சிந்தினா
விழறது நாம இல்ல.
பின்னாடி வர்ற புள்ளைங்க."

தொப்பூர் இறக்கத்தில் காசில்லாமல் ஓட்டலாமே என்றான்
என் தம்பி.
அவள் பதில் சொல்லவில்லை.
பிரேக் பிடிக்காத லாரிகள் இறங்கும் கணவாய்.
அங்கே யாரும்
யாருக்காகவும்
போல்ட்டுக்குக் கம்பி கட்டுவதில்லை.

ரேடியேட்டரில் இருந்த பச்சைத் திரவத்தை வடித்தோம்.
டிராக்கில் சிந்தினால் வழுக்குமாம்,
வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.
நான் போர் குழாயைத் திறந்தேன்.
அவள் மூடினாள்.
எங்கள் இரண்டு குடும்பத்துப் பல்லையும்
பழுப்பாக்கிய தண்ணீர்
அலுமினியத்துக்கு ஆகாது.
பேட்டரித் தண்ணீர் இரண்டு கேன்.

வாயைப் பொத்துகிற பழக்கம் அந்தத் தண்ணீர் கொடுத்தது.
ஹெல்மெட்டுக்குள் மட்டும் முழுசாகச் சிரிப்பாள்.
வைசரில் தெரியும்,
கண் இரண்டும் சின்னதாகிவிடும்.

கழற்றியதையெல்லாம் ஒரு மாங்காய் கிரேட்டில் போட்டு
எதிரே மண்டித் தராசில் வைத்தோம்.
பதினோரு கிலோ நானூறு.
நான் இறங்கியதையும் சேர்த்தால்
எண்பத்து மூன்று சொச்சம் என்றேன்.
மண்டிக்காரர் சீட்டு எழுதப் போனவர்
நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

ஹாரனை மட்டும் கிரேட்டிலிருந்து எடுத்து
ஷெட்டில் பழைய பேட்டரியோடு கோர்த்து வைத்திருக்கிறேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
இரண்டு தரம் அடித்தால்
நாய் வாசலுக்கு ஓடுகிறது.

இன்று விடிகாலை
தஸ்தகீரின் குட்டியானை வந்துவிட்டது.
ஐந்து மணி நேரம், இருங்காட்டுக்கோட்டை.
சொந்தக் காலில் ஊர் சுற்றிய வண்டி
காலி கிரேட்டுகளுக்கு நடுவே
லோடாகப் போகிறது.
மஞ்சள் தாளில் ஒட்டிய இருபத்தேழு
ஓரத்தில் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்ட படிவத்தை மறந்துவிட்டாள்.
"புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு
வீட்டுக்குள் ஓடினாள்.

சைடு ஸ்டாண்டும் கழற்றியாகிவிட்டது.
தனியாக நிற்காது.
பீரோ திறக்கும் சத்தம், மூடும் சத்தம்,
மறுபடி திறக்கும் சத்தம்.
தஸ்தகீர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கூழ் கம்பெனிப் பக்கமிருந்து ஒரு ஈ வந்து
ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்தது.
இரண்டு கையும் ஹேண்டில்பாரில்.
அதை ஓட்டவும்
நான் இல்லை.