அரை மதிப்பெண்

நெப்ராஸ்காவிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தேன்.
கோதுமைத் தூசி கொட்டியது,
கூடவே காய்ந்த வெட்டுக்கிளி ஒன்று.
அதற்கும் கீழே
நாளிதழில் பொதிந்து
அந்தக் கார்புரேட்டர்.

டூச்செக் என்பவர் துண்டுச் சீட்டு வைத்திருந்தார்:
'கோழிக்கூட்டுக் கதவுக்கு
முட்டுக்கொடுத்திருந்தேன்.
இனி கோழிகள் என்ன செய்யுமோ.'

மண்ணெண்ணெயில் துடைத்து
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
இடுப்பில் பொறித்த எண் எழுந்து வந்தது.
அறுபத்தொன்பதாம் வருஷம்,
ஐம்பத்தெட்டாம் நாள்.
விரல்விட்டு எண்ணினால்
பிப்ரவரி இருபத்தேழு. வியாழன்.

ஜாதகம் பார்க்காமல்
இந்த வேலையில் எதுவும் நடக்காது.
வண்டிக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும் உதிரி.
ரொம்ப முன்னாலும் ஆகாது.
மூன்று வாரம் மூப்பு என்றால் சம்மதம்.
மூன்று மாதம் என்றால்
வேறெந்த வண்டியின் வயிற்றில் பிடுங்கியது
என்பார் நடுவர்.

வண்டி, கரும்பச்சைப் போன்டியாக்.
உடையவர் ஆரின் டிபெட்ஸ்.
நாற்பது வருஷம் பொய்ப்பல் கட்டிப் பிழைத்தவர்,
பொய்த் திருகாணி ஒன்றுகூட ஆகாது என்கிறார்.
'அச்சு அசலாக இருப்பது வேண்டாம், ரெனாட்டா.
அசல் வேண்டும்.'

உதிரிகள் கிடைத்துவிடும்.
பணம் இருந்தால் சீக்கிரம்,
இல்லாவிட்டால் கோழிகள் விட்டுக்கொடுக்கும்போது.

கிடைக்காதது ஒன்று இருந்தது.
எஞ்சினுக்குப் பின்சுவரில், இடது மூலையில்,
நீலச் சாக்கட்டிக் கிறுக்கல்.
தொழிற்சாலையில் சோதித்தவர்
'சரி' என்று எழுத வந்து
முடிப்பதற்குள் கை நகர்ந்துவிட்டது.
இடதுகைக்காரர். சாய்வு காட்டிக்கொடுக்கிறது.
பக்கத்தில் ஒரு சொட்டுக் கறுப்புப் பெயின்ட்
வழிந்து, பாதி வழியில் மனம் மாறி
உறைந்து நிற்கிறது.

இரண்டுக்கும் அடியில் துரு.
சுரண்டாமல் தீராது.
அளந்தேன், படம் எடுத்தேன், அழித்தேன்.

அப்புறம் ஒரு வாரம்
சாகினாவின் ஜனவரி இரவுகளில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்க
தகரத் துண்டுகளில் கிறுக்கிப் பழகினேன்.
வலதுகைக்காரி நான்.
சாக்கட்டியை இடதுகைக்கு மாற்றினேன்.
நிதானமாக எழுதினால் வரவில்லை.
வேகமாக எழுதினாலும் வரவில்லை.
என் வேகத்தில் பயம் இருந்தது.
அவர் வேகத்தில்
அடுத்த வண்டி இருந்தது.

சனிக்கிழமை நாற்பது தகரங்களை
கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு
நிமிஷத்துக்கு ஒன்றாக
எழுதிக்கொண்டே நடந்தேன்.
முப்பத்தொன்றாவதில் மணிக்கட்டு சலித்தது.
முப்பத்தெட்டாவதில்
சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்றாவது, வண்டியின் மேல்.
திரும்பிப் பார்க்காமல்
விளக்கணைத்து வீட்டுக்குப் போனேன்.

சொட்டை மட்டும்
அடுத்த நாள் ஊசிமுனையில் வைத்து
பார்த்துப் பார்த்து வழியவிட்டேன்.

ஜூலையில் ஓஹையோ. புல்வெளியில் வெயில்.
நடுவர் ஹூக்ஸ்ட்ரா
முழங்காலுக்கு மெத்தை போட்டு
கண்ணாடித் துண்டும் டார்ச்சுமாக
அடியில் புகுந்தார், எழுந்தார்,
மூடியைத் திறந்து எண்களை முணுமுணுத்தார்.
கார்புரேட்டருக்குத் தலையசைத்தார்.
பின்சுவரின் இடது மூலையில்
வெளிச்சம் நின்றது.
வெகுநேரம் நின்றது.

'சொட்டு கொஞ்சம் அழகாக இருக்கிறது.
ஆலையில் யாருக்கு இவ்வளவு பொறுமை?'
அரை மதிப்பெண் குறைத்தார்.
பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:
'அந்தச் சாக்கட்டியைத் தொடாமல் விட்டீர்கள் பாருங்கள்.
அது போதும்.'

நான் இடதுகையை
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டிபெட்ஸ் என்னைப் பார்த்தார்.
நடுவர் அடுத்த வண்டிக்கு நகரும்வரை பொறுத்திருந்து
வாய் நிறையச் சிரித்தார்.
அந்த வரிசையில் எத்தனை அசல் என்று
நான் கேட்கவில்லை.