எட்டும் எட்டும் நான்கு

பழைய பெட்டி முப்பத்தெட்டு கிலோ.
குடலிறக்க அறுவை முடிந்து ஆறாவது வாரம்
மருத்துவர் எழுதிக்கொடுத்த எண் பதினைந்து.
அதற்குமேல் தூக்கினால்
தையலுக்கு அவர் பொறுப்பில்லை.

அதனால் இந்தச் சனிக்கிழமை
குவோப்பியோவில், துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில்,
யெஸ்ஸெயின் கடை.
வெளியே பனி பாதி உருகிச் சகதி.
இல்போ தன் டிரம் முக்காலியைக்
கையோடு தூக்கிவந்திருக்கிறான்.
எதற்கு என்றேன்.
உட்கார என்றான்.

யெஸ்ஸெ வாட் கணக்கில் பேசுகிறவன்.
இது இருநூறு, அது ஐந்நூறு,
அதோ மூலையில் எண்ணூறு என்று
ஏலம் போடுகிறான்.
நாங்கள் வாசிப்பது டாங்கோ, தம்பி.
ஏரிக்கரை நடன மேடைகளில்,
ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை.
ஆடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்,
விழித்திருப்பவை கொசுக்கள் மட்டும்.
எண்ணூறு வாட்டை வைத்து
மீன்களையா எழுப்புவது?

முதல் காம்போ பத்து அங்குலம், பதினொரு கிலோ.
ஒரு கையால் தூக்கினேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் தடித்த தந்தியைத் திறந்து தட்டினால்
வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு
யாரோ வழி சொல்வதுபோல் வந்தது.

அடுத்தது பதினைந்து அங்குலம்.
குரல் இருந்தது. கனமும் இருந்தது.
சக்கரம் மாட்டித் தள்ளலாமே என்றான் யெஸ்ஸெ.
நள்ளிரவில், மணலில், பைன் வேர்களுக்கு மேலே
எதையாவது தள்ளியிருக்கிறாயா நீ?

மூன்றாவது பன்னிரண்டு.
லேசான காந்தம், பதினான்கு கிலோ.
ஒவ்வொரு சுரமும் வந்து
தன் நாற்காலியில் உட்கார்ந்தது.
போதும் என்று விலைச்சீட்டைத் திருப்பினேன்.

போதாது என்றான் இல்போ.
முக்காலியை அவன் போட்டிருந்தது பெட்டிக்குப் பின்னால்;
மேடையில் அவன் இடம் அதுதான்.
"வாசி."
வாசித்தேன்.
"ஆரம்பித்துவிட்டாயா?"

யெஸ்ஸெ சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
போன கோடையில் இரண்டு இரவு தாளம் பிந்தியது.
ஹன்னெலெ அக்கார்டியனைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.
நான் ஈரக்காற்றைக் குறை சொன்னேன்.

"இடது காது போய்விட்டது.
வலது கிளம்பிக்கொண்டிருக்கிறது.
உன்னை இப்போது இடுப்பால்தான் கேட்கிறேன்,
அந்தப் பழைய பெட்டி பலகையை உலுக்கும், அதனால்."
டயர் பஞ்சரைச் சொல்வதுபோல் சொன்னான்.

யெஸ்ஸெ உள்ளே போனான்.
ஒரு துணை ஸ்பீக்கரைக் கொண்டுவந்து
முக்காலிக் காலை ஒட்டி வைத்தான்.
பதின்மூன்று கிலோ. அதுவும் பன்னிரண்டு அங்குலம்.
நான் பின்பக்கம் குனிந்து பார்த்தேன்:
எட்டு ஓம்தானே?
நான்கு ஓம் என்றால் ஆம்ப் கருகிவிடும்.
எட்டுதான்.
உள்ளே எட்டு, வெளியே எட்டு,
சேர்த்தால் நான்கு.
பள்ளிக்கூடத்தில் இதற்குச் சிவப்பு மையில் கோடு விழுந்திருக்கும்.
இங்கே பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றதும்
தடை பாதியாகிவிடுகிறது.

திறந்த தந்தி. மெதுவாக.
இல்போவின் பாதம் தரையைத் தேடியது.
நான்காவது எண்ணிக்கையில்
சரியாக வந்து விழுந்தது.
எதுவும் பேசவில்லை. தொடர்ந்து மிதித்தான்.
கிதார் விற்க வந்த ஒரு பையன்
உறையைத் திறக்காமலே நின்றுவிட்டான்.

என்னிடம் இருந்தது ஒரு பெட்டிக்கான பணம்.
இரண்டாவதற்கு இல்போ கையெழுத்துப் போட்டான்,
பத்து மாதத் தவணை.
தூக்குவதும் நான்தான் என்றான்.

காரில் இரண்டு பெட்டிகளும் ஏறியபின்
முக்காலிக்கு இடமில்லை.
மடியில் வைத்துக்கொண்டான்.
பாலம் ஏறும்போது
வண்டி திணறுவது எனக்குக் கேட்கவில்லை.
கியரைக் குறை என்று
அவன்தான் சொன்னான்.