பியூட்ரெசின்

கிளிநொச்சி ஆசுபத்திரி, பின்னேர மழை.
இருபத்தேழாம் தகட்டில்
தவரூபனின் கன்னச் சதை, ஊதா நிறத்தில்.

வளர் என்று எப்போதோ வந்த சொல்லை
இந்தக் கலம் இன்னும் கேட்கிறது.
சொன்னவர் போய்விட்டார்,
அமத்திய மணிப்பொத்தான் மேலே வரவில்லை.

உள்ளே பியூட்ரெசின் ஊறுகிறது.
அழுகலைப் பார்த்து வைத்த பெயர்;
பிணத்திலும் அதுதான்,
வாய்க்கால் ஓரம் முளைக்கிற நெல்லிலும் அதுதான்.
அது இல்லாமல் எதுவும் இரண்டாகாது.
மிஞ்சினால் இரண்டோடு நிற்காது.

அந்த மணத்தை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை.
மாத்தளன் மணலில், பதினாலு வயதில்,
ஈரத்துணியை மூக்கில் கட்டியபடி
தண்ணீருக்கு வரிசையில் நின்றேன்.

படிவத்தில் மணத்துக்குக் கட்டம் இல்லை.

யன்னலுக்கு வெளியே தவரூபன்:
"அரிவி வெட்டுக்கு முந்தி ஆறிடுமோ, தங்கச்சி?"