உயிர் வரும் வரை

பதினோரு வருடமாக
சிந்த்ரே வாங்குவது ரை ரொட்டி.
பிடிக்கும் என்றில்லை.
'ர' வாய்க்குள் தடுக்காமல் உருளும்,
அவ்வளவுதான்.

கேட்க நினைப்பது
கண்ணாடிக்குப் பின்னால், மேல்தட்டில்,
பட்டை மணக்கும் கனேல்பொல்லெ.
முதல் எழுத்திலேயே
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்,
உயிர் சேராத மெய்:
க்.

த்ரோம்சோவில் ஜனவரி.
காலை எட்டு, இன்னும் இருட்டு.
பின்னால் ஐந்து பேர்.
பூட்ஸ்களைச் சுற்றி
பனி உருகித் தேங்குகிறது.
இன்று ஏனோ
அவன் ரொட்டிப் பக்கம் ஓடவில்லை.

க்.
க்
இமை துடிக்கிறது. தாடை இறுகுகிறது.
எடுத்துக்கொடுக்க வாய் திறந்த ஒருவர்
ராக்ன்ஹில்ட் பார்த்த பார்வையில்
மூடிக்கொண்டார்.
எது என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.
ஆனாலும் கையிலிருந்த இடுக்கி
அசையவில்லை.

க் க்
கனேல்பொல்லெ.
ஒ... ஒ... ஒன்று.
(ஒன்று கூடத் தடுக்கியது.
தடுக்கட்டும்.)

வெளியே, விளக்குக் கம்பத்தடியில்
நின்று கடித்தான்.
கையுறையெல்லாம் சர்க்கரை.
இவ்வளவு தித்திப்பாக இருக்கும் என்று
நினைக்கவில்லை. திகட்டியது.

நாளை ரை ரொட்டி கேட்டாலும் கேட்பான்,
வேண்டும் என்றே.