ஒன்பது புள்ளி எட்டு ஒன்று

ஏப்ரல் மழை. வல்திவியாவில் இது ஒரு சேதியே இல்லை.
ஆய்வகத்தின் ஈரச் சுவரோரம்
தோன் அபேலார்தோ கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்.
"ப்ரொஃபே, இது வேகமாக ஓடுகிறது.
நூறு நொடிக்கு நூற்று நான்கு காட்டுகிறது.
இன்று நேற்றல்ல, இந்தச் சில்லை மாற்றி
நான்கு வருஷம் ஆகிறது."

நான்கு வருஷம்.
எட்டுப் பருவம் ஊசல் சோதனை:
நூல், குண்டு, இருபது ஆட்டம்,
கடைசியில் புவியீர்ப்பு முடுக்கம்.

பூசணம் பிடித்த பெட்டிகளைத் திறந்தேன்.
விறகடுப்புப் புகை ஏறிய தாள்கள்.
அந்தக் கடிகாரத்தை நம்பியவனுக்கு
ஒன்பது புள்ளி பூஜ்யம் ஆறு வரவேண்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வரவில்லை.
எட்டு ஒன்று. எட்டு ஒன்று. எட்டு ஒன்று.
கூச்சமுள்ள சிலர் ஏழு ஒன்பதுக்கு இறங்கியிருந்தார்கள்.
இத்தனைக்கும் எங்கள் அட்சரேகையில்
நல்ல கடிகாரத்துக்கே எட்டு பூஜ்யம்தான்.
எட்டு ஒன்று பாடப்புத்தகத்தின் பூமி,
எங்கள் மழை அங்கே பெய்வதில்லை.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு என் வழிகாட்டித் தாளின் கடைசி வரியைப் படித்தேன்:
"சரியான விடையிலிருந்து இரண்டு சதவீதம் விலகினால்
மதிப்பெண் குறையும்."
கையில் விடையைத் திணித்துவிட்டுக்
கண்டுபிடி என்றிருக்கிறேன்.

அத்தனையிலும் பிழைத்தது ஒன்று.
யாரித்சா மான்சியா, சிலோயே தீவுக்காரி,
ஒன்பது புள்ளி பூஜ்யம் எட்டு.
கீழே பென்சிலில்:
"மூன்று முறை செய்தேன். நூல் சரி. கடிகாரம்?"
அதன்மேல் சிவப்பில், என் கையெழுத்தில்:
"கவனக்குறைவு. திரும்பச் செய்."
பின்னால் குத்தியிருந்த புதுத் தாளில்
எட்டு ஒன்று.
என் சரிக்குறி. பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு.

அடுத்த பருவம் வழிகாட்டித் தாள் இல்லை.
மீன்வலை நூலும் படகுப்பட்டறையின் துருப்பிடித்த நட்டுகளும் கொடுத்தேன்.
"விடை வேண்டாம்.
எவ்வளவு தெரியவில்லை என்று எழுதுங்கள்."
"இது தேர்வில் வருமா?" என்றான் ஒருவன்.
இரண்டு வாரம் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம், மாடிப்படியின் நடுவெளியில்
எலிசேயோவின் குழு பதினோரு மீட்டர் நூலைத் தொங்கவிட்டு
ஏறுபவர்களை மறித்துக்கொண்டு சண்டை போட்டது.
பிழை நூலிலா, காற்றிலா,
"விடு" என்று கத்தியபின்
கட்டைவிரல் தாமதிக்கிறதா?
கட்டைவிரலுக்கென்றே ஒரு மதியம் தனிச் சோதனை.
சமையற்கூடத்து ஆட்கள் வழி கேட்டுத் திட்டியதால்
ஒரே ஓர் ஆட்டம்தான் அளக்க முடிந்தது.
ஒன்பது புள்ளி ஆறு,
கூட்டவோ கழிக்கவோ புள்ளி மூன்று.
ஒன்பது புள்ளி ஆறை விடுங்கள்,
அந்தப் புள்ளி மூன்று அவர்கள் சம்பாதித்தது.

பருவ முடிவில் மாணவர் மதிப்பீடு:
ஏழுக்கு ஆறு வாங்கிவந்தவள், நாலேகால்.
"ஒயார்சூன் கற்பிப்பதில்லை.
எல்லாவற்றையும் நாங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது."
துறைத்தலைவர் மஞ்சள் கோடிட்டு அனுப்பியிருந்தார்.
சிரித்திருக்கலாம்.
இரண்டு இரவு தூங்கவில்லை.
பழைய தாளைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தேன்,
வைத்ததை மறுபடி உள்ளே வைத்தேன்.

யாரித்சாவுக்கு எழுதினேன்.
மன்னிப்பு என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது,
இரண்டை நீக்கினேன்.
பதினோரு நாள் கழித்து,
ஏதோ சால்மன் பண்ணையில்
நீரின் ஆக்சிஜன் அளக்கும் வேலைக்கு நடுவே,
ஒரு வரி:
"கடிகாரம் எத்தனை சதவீதம் பிசகியிருந்தது?"

நான்கு என்று தட்டினேன். அழித்தேன்.
அவளுடைய முதல் தாளை மட்டும் படமெடுத்து அனுப்பினேன்,
சிவப்பு மையோடு.

இரவு பத்து மணிக்குப் பதில்:
"மூன்று புள்ளி ஒன்பது.
நூலின் நீளத்தை அன்றைக்கு
நான் ஒழுங்காக அளந்திருந்தால்."